திண்டுக்கல் பக்கம் குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது? தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது

சிறுமலை41 (ஞாயிறு, இரவு 11.20)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. நூற்பாலையில் சூப்பர்வைசர். குடிக்க ஆரம்பித்து 17 வருடம் ஆகிறது. முதலில் சம்பள நாளில் மட்டும், அப்புறம் சனிக்கிழமைகளில், இப்போது நான்கு வருடமாகத் தினமும். அரை நைட் ஷிப்ட் என்றால் பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்போதே போய் நிற்பேன். காந்தி ஜெயந்திக்குக் கடை லீவு என்பதால் முந்தைய நாளே வாங்கிவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன்.

மூன்று முறை மாலை போட்டிருக்கிறேன். 48 நாளும் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதனால் நினைத்தால் விட்டுவிடுவேன் என்று நானும் நம்பினேன், வீட்டிலும் நம்பினார்கள். மூன்று முறையும் மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே குடித்தேன்.

போன மாதம் முழு நைட்டில் நின்ற இடத்திலேயே கண் அசந்துவிட்டேன். ஒரு பெண்ணின் துப்பட்டா மெஷினில் மாட்டியது. பக்கத்தில் இருந்தவர் ஓடிவந்து நிறுத்தினார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மகளைவிட மூன்று வயதுதான் மூத்தவள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

நாளையிலிருந்து நிறுத்துவதாக முடிவு செய்திருக்கிறேன். ஏ.ஏ. கூட்டம் என்று கேள்விப்பட்டேன். எங்கே நடக்கிறது, எப்படிச் சேருவது? பெயர், முகவரி எழுதுவார்களா? எவ்வளவு பணம்? மில்லுக்குத் தெரிந்துவிடுமா? சர்ச்சில் நடக்கிறதாமே, மதம் மாறச் சொல்வார்களா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

தஞ்சைச் செவிலி (திங்கள், காலை 5.50)

சகோ, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. தினமும் குடித்தவர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. நான் அரசு மருத்துவமனையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். 'நல்லபடியாக விட்டுட்டார், ரெண்டாம் நாள் வலிப்பு வந்துருச்சு' என்று தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்கு ஆள் குழம்பிப்போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளிடம் பேசுவார்கள். வீட்டில் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போய்விடுகிறார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

அதனால் இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துவிடும். நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் சில நாளுக்கு மருந்து தருவார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் 'அசதியாக இருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று கேட்பது நம் ஊர் வழக்கம். குடிக்கிற உடம்பில் பி1 குறைவாக இருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எங்கே போனாலும் குடிப்பதை மறைக்காதீர்கள்.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டும் இலவசம். 14416இல் தமிழில் பேசலாம்.

வைகைக்கரை (திங்கள், காலை 7.05)

தம்பி, செவிலி அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். கூட்டம் எங்கேயும் ஓடிப்போகாது. நான் குடியை நிறுத்தி 9 வருடம் 4 மாதம் ஆகிறது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பெயரை எழுத மாட்டார்கள், வருகைப் பதிவேடு கிடையாது. இனிஷியல்கூட வேண்டாம், பெயர் மட்டும் போதும். வேறு பெயரைச் சொன்னாலும் யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை. கட்டணம் இல்லை. நடுவில் ஒரு பை சுற்றி வரும், அறை வாடகைக்கும் டீக்கும் முடிந்தவர்கள் போடுவார்கள். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் ஏழாவது மரபு. மரபு என்றால் எல்லாக் குழுக்களும் கடைப்பிடிக்கும் கொள்கை. கவுன்சிலரே வந்து பணம் நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். சேர ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். அது மூன்றாவது மரபு.

சர்ச் விஷயம். பங்குப் பள்ளி வகுப்பறைகள் சாயங்காலம் காலியாக இருக்கும், சொற்ப வாடகைக்குக் கொடுப்பார்கள். அதனால்தான் பல ஊர்களில் அங்கே கூடுகிறோம். என் குழுவில் திருநீறு பூசியவரும் உண்டு, தொழுகை முடித்து நேராக வருபவரும் உண்டு. ஜெபம் செய்யச் சொன்னதில்லை, பைபிள் கொடுத்ததில்லை. முடிவில் எல்லோரும் எழுந்து மன அமைதிக்கான ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வோம். சேர்ந்து சொல்லலாம், சும்மா நிற்கலாம்.

இனி, எங்கே என்பது. எந்தக் குழு எந்தக் கிழமை என்று நான் இங்கே எழுதினால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். பள்ளியில் பரீட்சை வந்தால் அறை மாறும், தலைமை ஆசிரியர் மாறினால் இடமே மாறும். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் தேடலாம். அதில் தொடங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் முறை நான் போனபோது பட்டியலில் இருந்த பள்ளி பூட்டிக் கிடந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். எதிர்ச்சாரியில் கடை. 'நான் என் பங்குக்கு வந்துவிட்டேன், அவர்கள்தான் இல்லை' என்று மனசு சொன்னது. நேரே உள்ளே போய்விட்டேன். மறுபடி ஒரு கூட்டத்துக்குக் கிளம்ப எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அதனால் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எடுப்பவரும் குடியை நிறுத்தியவர்தான், பகலில் வேறு வேலை பார்ப்பவர், சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் இல்லை. எடுக்காவிட்டால் ஆறு மணிக்கு மேல் மறுபடி அடியுங்கள். இந்த வாரம் உறுதியாக நடக்கிறதா, எந்த வாசல் வழியாக வர வேண்டும், என்னைக் கூட்டிப்போக யாராவது வாசலில் நிற்பார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் வந்தால் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போய்விடுவீர்கள். பள்ளி வளாகம் பெரிதாக இருக்கும், இருட்டிவிடும், எந்த அறை என்று தேடும்போதே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த அமைப்பே ஒரு போனில் ஆரம்பித்ததுதான். 1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வியாபார விஷயமாக ஓஹயோவில் ஆக்ரன் என்ற ஊருக்குப் போகிறார், வியாபாரம் படுத்துவிட்டது. ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று தோன்றி, அங்கே இருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அடிக்கிறார். அப்படிச் சுற்றிச்சுற்றிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10தான் ஏ.ஏ.வின் பிறந்தநாள். முதல் எண்ணில் ஆள் கிடைக்கவில்லை என்று பில் பார் பக்கம் திரும்பியிருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

நொய்யல் (திங்கள், பிற்பகல் 1.30)

ஒரு மாற்றுக் கருத்து, கோபிக்க வேண்டாம். நான் பெரியார் படித்து வளர்ந்த வீடு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் பாதிக்குப் பாதி கடவுள் வருகிறது. 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று சேர்த்திருக்கிறார்கள், இருந்தாலும் கடவுள் கடவுள்தான். இரண்டு கூட்டம் போய்விட்டு நின்றுவிட்டேன். உளவியல் ஆலோசகரிடம் போய், எந்த நேரத்தில், எந்த ஆளோடு, எந்த எண்ணத்தில் குடிக்கிறேன் என்று நோட்டுப் போட்டு எழுதி வெளியே வந்தேன். மூன்று வருடம் ஆகிறது. மதச் சார்பில்லாத ஸ்மார்ட் ரெகவரி என்ற அமைப்பு 1994 முதல் இருக்கிறது. இணையத்தில் கூட்டம் நடத்துகிறார்கள், ஆங்கிலம் தெரிந்தால் பயன்படும். ஏ.ஏ. ஒன்றுதான் வழி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வைகைக்கரை (திங்கள், பிற்பகல் 2.10)

நொய்யல், கோபம் இல்லை. மூன்று வருடம் பெரிய விஷயம். எங்கள் குழுவிலும் ஒரு கடவுள் மறுப்பாளர் இருக்கிறார். 'என்னைவிடப் பெரிய சக்தி இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற 18 பேர்' என்பார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது, உங்களுக்கு இல்லை.

தஞ்சைச் செவிலி (திங்கள், மாலை 4.40)

நொய்யல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆலோசனையும் பலன் தரும், குழுவும் பலன் தரும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது, 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகள். குடியை முழுக்க நிறுத்திய நிலையில் தொடர்வதற்கு, ஏ.ஏ.வோடு இணைக்கும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, பல இடங்களில் சற்று மேலாகவே இருந்தது. என் அனுபவத்தில் சொன்னால், வார்டை விட்டு வீட்டுக்குப் போனபின் சாயங்காலம் 7 மணிக்குப் போக ஓர் இடம் இருக்கிறவர்கள்தான் திரும்ப அட்மிட் ஆவது குறைவு. கடை பத்து மணிவரை திறந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தைத் தனியாகக் கடப்பது ரொம்பக் கஷ்டம்.

ஈரோட்டு மீனா (திங்கள், இரவு 9.15)

தம்பி, நான் குடித்தவள் இல்லை, குடித்தவரின் மனைவி. உங்கள் வீட்டுக்காரம்மா இதைப் படித்தால் நல்லது.

பதினோரு வருடம் அவருக்காகப் பொய் சொன்னேன். காய்ச்சல் என்று ஆபீசுக்கு லீவு சொல்வேன், கடன்காரர்களுக்கு நகையை வைத்துக் கொடுப்பேன், சட்டைப் பையைத் துழாவுவேன், பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பேன். கோயிலில் கயிறு கட்டினேன். ஒரு சமயம் யாரோ சொன்னார்கள் என்று குழம்பில் மாத்திரை கலந்துகொடுக்கவும் வாங்கிவந்துவிட்டேன். மருந்துக்கடை அண்ணன்தான் தடுத்தார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாமாம். டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிந்து, அவரே சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கியது. அவர் குடிப்பதற்கு நான் காரணம் இல்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொன்னார்கள். முதல் நாள் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் போக ஆரம்பித்து எட்டு மாதம் கழித்துத்தான் அவர் ஏ.ஏ.வுக்குப் போனார். அவர் போகாமலே இருந்திருந்தாலும் எனக்கு அந்தக் குழு தேவைப்பட்டிருக்கும்.

சென்னை அடையாறில் 1980 முதல் நடக்கும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையிலும் குடும்பத்தாரைச் சேர்த்துத்தான் சிகிச்சை கொடுக்கிறார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கிய இடம் அது.

இன்னொன்று, வேனில் ஆள் அனுப்பித் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு மையம்' பக்கம் போய்விடாதீர்கள். என் கொழுந்தனை அப்படி ஓர் இடத்தில் மூன்று மாதம் பூட்டி வைத்தார்கள். அடியும் பட்டினியும்தான் சிகிச்சை. வெளியே வந்த மறுநாளே குடித்தார். உரிமம் இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா, குடும்பம் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாமா என்று விசாரிக்காமல் யாரையும் எங்கும் விடாதீர்கள்.

கோவையிலிருந்து (செவ்வாய், காலை 10.25)

நான் பெண். 34 வயது, ஐ.டி. வேலை. குடியை நிறுத்தி 14 மாதம். இந்த இழையில் என்னைப் போல ஒருத்தி சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தால் அவளுக்காக எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் 22 ஆண்கள், நான் ஒருத்தி. கதவோரம் உட்கார்ந்தேன். யாரோ 'வீட்டுக்காரரைக் கூட்டிவந்திருக்கிறீர்களா அம்மா?' என்று கேட்டார், பாவம், அவர் நல்லதாகத்தான் கேட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு பெரியவர் பேசினார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் குளியலறையில் ஒளித்து வைத்திருந்ததைக் குடித்துவிட்டு, வாசனை தெரியாமல் இருக்கப் பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு வெளியே வருவாராம். நான் வெங்காயத்துக்குப் பதில் கிராம்பு. உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நடைமுறையாகச் சில. கூட்டத்துக்கு முன்பே போனில் பெண் உறுப்பினர் யாராவது உண்டா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வேறு ஊர்ப் பெண்ணின் எண்ணை அவர் சம்மதத்தோடு தருவார்கள். பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்கள் உண்டு. முன்பே குடியை நிறுத்திய ஒருவரை வழிகாட்டியாக, அதாவது ஸ்பான்சராக, வைத்துக்கொள்வது ஏ.ஏ. வழக்கம், பெண்ணுக்குப் பெண் ஸ்பான்சர்தான் நல்லது. யாராவது தேவையில்லாமல் நெருங்கினால் குழுச் செயலாளரிடம் உடனே சொல்லுங்கள். சங்கடப்பட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

துபாய் ராசு (செவ்வாய், இரவு 8.00)

நான் தங்கியிருக்கும் கேம்ப்பிலிருந்து நேரில் போக முடியாது. கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் தமிழ்க் கூட்டம் வந்தது எனக்குப் பெரிய வரம். கேமராவை அணைத்து வைக்கலாம். ஆனால் ஊருக்கு லீவில் வந்தால் நேரில் போய்விடுவேன். டீயும், முடிந்தபின் வாசலில் நின்று பேசுவதும் போனில் கிடைப்பதில்லை.

சிறுமலை41 (12 நாள் கழித்து, ஞாயிறு, காலை 6.15)

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு நாள் அட்மிட். செவிலி அக்கா சொன்னது போலக் கை நடுக்கம் வந்தது, வலிப்பு வரவில்லை. குடித்து இன்றோடு 13 நாள்.

வைகைக்கரை அண்ணன் சொன்னபடி போன் செய்தேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார், பின்னால் பஸ் சத்தம் கேட்டது. 'இறங்கினதும் கூப்பிடுறேன் சார்' என்றார், கூப்பிட்டார். எனக்கு வசதியான கிழமையில் மதுரையில்தான் கூட்டம் இருந்தது. நேற்று பஸ் ஏறிப் போனேன். வாசலில் ஒருவர் நிற்பார் என்றார்கள்.

நின்றவரைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் மில்லில் முன்பு பிட்டராக இருந்தவர். அவருக்கு வயிற்றுப்புண், அதனால் பார்ட்டிக்கு வருவதில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை. 'வாங்க, ரூம் மாடியில' என்று முன்னால் நடந்தார்.

மூன்றாம் வகுப்பு அறை. பெஞ்சு சின்னதாக இருந்தது, கால் முட்டியது. சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார், அப்புறம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவில்லை, அறிவுரை சொல்லவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் அந்தக் கேள்விகள் எதற்காகக் கேட்கப்படும் என்று உங்களுக்குத் தெரியும். என் முறை வந்தபோது பேசாமல் இருக்கலாம் என்றார்கள். நான் பெயரைச் சொன்னேன். துப்பட்டா விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன், வாய் வரவில்லை. 'நான் குடிநோயாளி' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கே தொண்டை அடைத்துவிட்டது.

அப்படியே எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒருவர் 40 நிமிடம் பேசினார், பாதி எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ் நின்ற இடத்தில் எல்லாம் கடை கண்ணில் பட்டது. பிட்டர் அண்ணன் என் நம்பரை வாங்கிக்கொண்டார், வீடு சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னார். செய்தேன்.

இப்போது ஒரு யோசனை கேட்கிறேன். வருகிற வியாழன் மச்சான் கல்யாணம். புதன் ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று தெரியும். வழக்கமாக ஏற்பாடு செய்வதே நான்தான். போகாவிட்டால் பெண் எடுத்த வீட்டில் மனஸ்தாபம் ஆகிவிடும்.

வைகைக்கரை (ஞாயிறு, காலை 6.50)

முதலில், 13 நாளுக்கு வாழ்த்து தம்பி. ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், குறைந்தது ஆறு கூட்டமாவது போங்கள். 40 நிமிடக்காரர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

கல்யாணம். புதன் ராத்திரி போக வேண்டாம். மச்சானிடம் இன்றைக்கே நேரில் போய், 'ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், சரக்குப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடு' என்று சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால்தான் மனஸ்தாபம். காலையில் முகூர்த்தத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் நமக்கு ஆகாது. பிட்டர் அண்ணனிடம் எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஈரோட்டு மீனா (ஞாயிறு, காலை 7.20)

சம்சாரத்திடமும் சொல்லுங்கள் தம்பி. ஆனால் உங்களைக் காவல் காக்கும் வேலையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். அவர்களுக்கும் அது தம்பி கல்யாணம்.

சிறுமலை41 (ஞாயிறு, இரவு 9.40)

சொல்லிவிட்டேன். மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'அப்ப பந்தி பொறுப்ப நீங்க எடுத்துக்கங்க மாமா' என்றான். முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30. புதன் ராத்திரி எனக்குப் பகல் ஷிப்ட் முடிந்து மதுரையில் 7 மணிக் கூட்டம் இருக்கிறது. திரும்பி வந்து தூங்கிவிட்டு, விடியற்காலை நாலரைக்கு மண்டபத்தில் இட்லி அண்டா பக்கத்தில் நிற்க வேண்டும். பிட்டர் அண்ணனிடம் நேரம் சொல்லி வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு அவரே கூப்பிடுகிறேன் என்றார்.